குழாய்க்கு முன் கணக்கு: மதுரைப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கான குடிநீர், வடிகால் நிதி எங்கே நிற்கிறது?

மதுரை நகரத்தில் ஒரு தெருவுக்கு நாலு நாள் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். வார்டு கவுன்சிலர் இருக்கிறார், மண்டல அலுவலகம் இருக்கிறது. எதுவும் நடக்காவிட்டால் காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தால் அதிகாரிகள் வருவார்கள். அதுவே பேரையூர் பக்கம், சாப்டூர் மலையடிவாரத்தில் 30, 40 வீடுகள் மட்டும் உள்ள ஒரு பளியர் குடியிருப்பு என்றால்?

அவர்களுக்கான நிதி இல்லை என்று சொல்ல முடியாது. டெல்லியிலும் சென்னையிலும் பழங்குடியினர் பெயரில் அறிவிக்கப்பட்ட திட்டங்களை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. சிக்கல் அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் கணக்கில் இருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பு தருவதாகச் சொல்லி 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது ஜல் ஜீவன் மிஷன். 2024-க்குள் முடித்திருக்க வேண்டியது. முடியவில்லை. 2025 பிப்ரவரியில் தாக்கலான மத்திய பட்ஜெட் அதை 2028 வரை நீட்டித்து, 2025-26க்கு 67,000 கோடி ரூபாய் ஒதுக்கியது.

அந்த அறிவிப்போடு ஒரு புதிய நிபந்தனையும் வந்தது. ஒவ்வொரு மாநிலத்துடனும் மத்திய அரசு தனித்தனியாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும். குழாய் போட்டதோடு முடியாமல், அதில் தொடர்ந்து தண்ணீர் வருவதை உறுதி செய்வதுதான் இனி முக்கியம் என்று நிதியமைச்சர் சொன்னார். அதாவது மாநிலங்கள் மறுபடியும் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார வேண்டும்.

தமிழ்நாட்டில் சுமார் 1.25 கோடி ஊரக வீடுகள். அதில் பத்துக்கு ஒன்பது வீடுகளுக்கு ஏறக்குறைய இணைப்பு கிடைத்துவிட்டது என்கிறது அரசுக் கணக்கு. நல்ல செய்திதான். ஆனால் எந்தத் திட்டத்திலும் கடைசியில் மிஞ்சுவது எளிதான வீடுகள் அல்ல. மலையடிவாரம், வன எல்லை, பட்டா இல்லாத நிலம், சிதறிக் கிடக்கும் பத்து இருபது வீடுகள் என்று குழாய் இழுக்கச் செலவு அதிகமாகும் இடங்கள்தான் மிஞ்சும். பழங்குடியினர் பெரும்பாலும் வாழ்வது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

மதுரையில் பழங்குடியினர் எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 30.4 லட்சம். அதில் பட்டியல் பழங்குடியினர் 0.37 சதவீதம், அதாவது 11 ஆயிரம் பேர் அளவில். மாநில அளவில் இது 1.1 சதவீதம், எண்ணிக்கையில் 7.95 லட்சம்.

நீலகிரி மாதிரி மதுரையைப் 'பழங்குடி மாவட்டம்' என்று யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் மூன்று வகைக் குடியிருப்புகள் இங்கே இருக்கின்றன. மேற்கே, மலையை ஒட்டிப் பளியர்கள். சமவெளியிலும் நகர ஓரத்திலும் காட்டுநாயக்கன் சமூகத்தினர். மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலம் போன்ற ஊர்களில் நரிக்குறவர்கள்.

இந்த மூன்று சமூகங்களும் அரசுக் கணக்கில் மூன்று விதமாகப் பார்க்கப்படுகின்றன.

ஒரே மலை, இரண்டு விதிகள்

முதலில் பளியர்கள். பழங்குடியினரிலேயே மிகவும் பின்தங்கிய சமூகங்களுக்காக 2023 நவம்பரில் பி.எம். ஜன்மன் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. மொத்த மதிப்பு சுமார் 24,104 கோடி ரூபாய். வீடு, சாலை, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் நாடு முழுக்க 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள்' என்று பட்டியலிடப்பட்ட 75 சமூகங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பது ஆறு சமூகங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கன். பளியர்கள் பட்டியல் பழங்குடியினர்தான். ஆனால் இந்த ஆறில் இல்லை.

2024 அக்டோபரில் அடுத்த திட்டம் வந்தது. பெயர் தர்தி ஆபா ஜன்ஜாதிய கிராம உத்கர்ஷ் அபியான். 79,156 கோடி ரூபாய், 63 ஆயிரத்துக்கும் அதிகமான கிராமங்கள். இதில் சேரப் பொதுவான தகுதி, கிராமத்தின் மக்கள்தொகை குறைந்தது 500 இருக்க வேண்டும், அதில் பாதியாவது பழங்குடியினராக இருக்க வேண்டும் என்பது. 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் உள்ள மாவட்டமாக இருந்தால், 50 பழங்குடியினர் இருந்தாலே போதும்.

தமிழ்நாட்டில் அந்த மாவட்டப் பட்டியலில் இருப்பவை இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். மதுரை இல்லை.

சதுரகிரி மலைக்குப் போனவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். வத்திராயிருப்பு, தாணிப்பாறை வழியாக ஏறினால் அது விருதுநகர் மாவட்டம். சாப்டூர் வழியாக ஏறினால் மதுரை மாவட்டம். இரண்டு பக்க அடிவாரத்திலும் பளியர்கள் வாழ்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் 50 பேர் இருந்தால் தகுதி, இன்னொரு பக்கத்தில் 500 பேரும் பாதிக்கு மேல் பழங்குடியினரும் வேண்டும்.

'கிராமம்' என்றால் எது?

இந்த 'பாதிக்கு மேல்' விதியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள், 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள். சராசரியாக ஒரு ஊராட்சிக்குள் ஆறு குக்கிராமங்கள் அடக்கம்.

150 பேர் வாழும் ஒரு பளியர் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே 100 சதவீதம் பழங்குடியினர். ஆனால் அது 3,000 பேர் உள்ள ஒரு கிராமத்தின் பகுதி. கணக்கைக் கிராம அளவில் போட்டால் பழங்குடியினர் வெறும் 5 சதவீதம். காகிதத்தில் அது பழங்குடிக் கிராமமே இல்லை.

இது பெயர் சார்ந்த சிக்கல் மட்டுமில்லை, கையிலிருந்து போகும் காசும் மாறும். ஜல் ஜீவன் விதிப்படி, ஊருக்குள் அமைக்கும் குழாய், தொட்டி வேலைகளின் செலவில் பொதுவாக 10 சதவீதத்தை மக்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். மலை, வனப் பகுதிகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் கிராமங்களுக்கும் அது 5 சதவீதம்தான். தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டத்திலும் இதே மாதிரி சலுகை உண்டு. மற்ற பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு. 'பகுதி' என்று எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இந்தச் சலுகையெல்லாம் கிடைக்கும்.

சான்றிதழ் இல்லாதவர் கணக்கில் இல்லை

காட்டுநாயக்கன் சமூகத்தின் கதை வேறு. ஆறு பேர் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது ஒன்று, பழங்குடிச் சான்றிதழ் கையில் இருப்பது இன்னொன்று. மதுரை அருகே பரவை சத்தியமூர்த்தி நகரில் இந்தச் சமூகத்தினர் சாதிச் சான்றிதழ் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராடியது 2022-ல் செய்தியானது. ஒரு தெருவில் யாரிடமும் சான்றிதழ் இல்லையென்றால், அந்தத் தெருவைப் பழங்குடிக் குடியிருப்பு என்று எந்த அதிகாரி எழுதுவார்? பழங்குடியினர் பெயரில் வரும் குடிநீர் நிதியை எப்படி அங்கே திருப்புவார்? பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்கும்தான் சான்றிதழ் என்று நினைப்போம். அது குழாயையும் தொடுகிறது.

நரிக்குறவர்கள் நிலை இன்னும் வித்தியாசம். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2011 கணக்கெடுப்பின்போது அவர்கள் பழங்குடியினர் இல்லை. எனவே மேலே சொன்ன 11 ஆயிரம் என்ற எண்ணிக்கையில் மதுரையின் நரிக்குறவர்கள் ஒருவர்கூட அடக்கமில்லை. சட்டப்படி பழங்குடியினர், நிதிப் பங்கீட்டுக் கணக்கில் இல்லை. ஜல் ஜீவன் நிதியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது ஊரகப் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகைக்கு 10 சதவீத எடை கொடுக்கப்படுகிறது. அதற்கும் அடிப்படை இந்தப் பழைய கணக்கெடுப்புதான்.

தண்ணீர் வந்தாச்சு, கழிவுநீர் எங்கே போகும்?

குடிநீரைப் பற்றியாவது பேச்சு நடக்கிறது. கழிவுநீரைப் பற்றி அவ்வளவாக இல்லை. ஒரு வீட்டுக்கு ஆளுக்கு 55 லிட்டர் தண்ணீர் தருவது ஜல் ஜீவனின் இலக்கு. அதில் பெரும்பகுதி குளித்த தண்ணீராகவும் பாத்திரம் கழுவிய தண்ணீராகவும் வெளியே வரும். அதற்கு வழி?

நகரத்தில் பாதாளச் சாக்கடை. மதுரையில் அது 1920-களில் தொடங்கிய கதை. 2011-ல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை போடுவது பல நூறு கோடி ரூபாய் வேலையானது. அதற்கு மத்திய அரசின் அம்ருத், மாநில நிதி, கடன் என்று பல வழிகளில் பணம் திரட்டப்படுகிறது.

ஊரகத்தில் அப்படியில்லை. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிப்படி, தனி வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய். குளியல், சமையலறைக் கழிவுநீருக்கு 5,000 பேர் வரை உள்ள கிராமங்களில் தலைக்கு அதிகபட்சம் 280 ரூபாய், அதற்கு மேல் என்றால் 660 ரூபாய். இதில் 70 சதவீதம் தூய்மை பாரத நிதி, மீதி 30 சதவீதம் ஊராட்சியின் நிதிக்குழு மானியத்திலிருந்து.

அந்த 150 பேர் குடியிருப்புக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 150 பேர், தலைக்கு 280 ரூபாய். மொத்தம் 42,000 ரூபாய். சில உறிஞ்சுகுழிகளுக்கு வேண்டுமானால் அது ஆகும். பாறை நிலமாக இருந்து தண்ணீர் உறிஞ்சாவிட்டால், வாய்க்கால் கட்ட அந்தத் தொகை பத்தாது. 3,000 பேர் கிராமத்துக்கும் இதே 280 ரூபாய் விகிதம்தான். ஆனால் அங்கே மொத்தம் 8.4 லட்சம் சேரும், ஏதாவது ஒரு வேலையை முழுசாக முடிக்கலாம். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு பார்க்கச் சமமாகத் தெரியும். ஆனால் ஒரு வடிகாலின் செலவு தலை எண்ணிக்கையைப் பொறுத்து மட்டும் கூடுவதோ குறைவதோ இல்லை. நிலத்தின் சரிவு, பாறை, சாலையிலிருந்து உள்ள தூரம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. மதுரை நகரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் ஒன்று, நாளொன்றுக்கு சுமார் 4.6 கோடி லிட்டர் திறனுடன் சக்கிமங்கலத்தில் இருக்கிறது. சக்கிமங்கலமோ மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள ஊராட்சி. நகரத்துக் கழிவுநீர் நகர்ப்புற நிதியில் குழாய் வழியாக அந்த ஊருக்கு வருகிறது. அந்த ஊர்க்காரர்களின் வீட்டுக் கழிவுநீருக்கு ஊரக விதிப்படி தலைக்கு இத்தனை ரூபாய்.

நகரம் எப்படிப் பேரம் பேசுகிறது?

மதுரைக்குக் குடிநீர் கொண்டுவர லோயர் கேம்பில் தொடங்கும் முல்லைப்பெரியாறு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பாருங்கள். நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர், 1,300 கோடி ரூபாய்க்கு அருகிலான மதிப்பீடு. அம்ருத் நிதி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், மாநிலப் பங்கு, மாநகராட்சிப் பங்கு எல்லாம் சேர்ந்தது. இப்படி ஒரு திட்டத்துக்கு மாநகராட்சி விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கிறது, ஆலோசனை நிறுவனங்களை அமர்த்துகிறது, குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர்கள் உதவுகிறார்கள், சென்னையில் அமைச்சர்கள் பேசுகிறார்கள். செலவு கூடினால் திருத்திய மதிப்பீடு போகிறது.

ஒரு சிறு குடியிருப்புக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. மனுநீதி நாளிலோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ ஒரு மனு. "தண்ணி வசதி செஞ்சு தாங்க" என்று எழுதி, கைநாட்டு வைத்து. மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும். அது திட்ட அறிக்கையாக மாற வேண்டுமென்றால், யாராவது ஒரு பொறியாளர் நேரில் போய் அளவெடுத்து, மதிப்பீடு போட்டு, எந்தத் தலைப்பில் நிதி கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தேங்கிப்போவது இந்த இடத்தில்.

இத்தனைக்கும் மதுரை சமவெளிக்குத் தண்ணீர் வருவது மேற்கு மலைகளிலிருந்துதான். 2021-ல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் பளியர்கள்.

மேசையில் யார் இருக்கிறார்கள்?

சட்டீஸ்கர், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் உண்டு. அங்கே 1996-ன் பெசா சட்டப்படி பழங்குடிக் கிராம சபைக்குத் தனி அதிகாரம். தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனவே பெசா இங்கே பொருந்தாது. மாநில அளவில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு இருக்கிறது. ஆனால் ஒரு குடியிருப்பின் குழாய் விஷயம் அங்கே போய்ச் சேர்வது அரிது.

மிஞ்சுவது ஊராட்சி. அதிலும் இப்போது ஒரு வெற்றிடம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் மதுரையும் ஒன்று. அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 420 ஊராட்சிகள். ஊராட்சிகளின் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் கையில். ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள். அதில் ஒன்றின் ஓரத்தில் இருக்கும் 40 வீடுகளை ஓர் அலுவலர் எத்தனை முறை போய்ப் பார்க்க முடியும்?

பணத்திலும் இதன் பாதிப்பு உண்டு. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது சுமார் 2.37 லட்சம் கோடி ரூபாய். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்ட பணம். அந்த மானியம் முறையாக அமைக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்குத்தான். 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் 2019 வரை தள்ளிப்போனபோது, மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு தமிழகம் அதைக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. தேர்தல் தள்ளிப்போவதன் விலையை, வேறு வருமானமே இல்லாத சின்ன ஊராட்சிகள்தான் முதலில் கொடுக்கின்றன.

கனடாவில் என்ன நடந்தது?

இதே சிக்கலைப் பணக்கார நாடான கனடாவும் பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே பூர்வகுடிக் குடியிருப்புகளின் குடிநீர், கழிவுநீர் வசதிக்குப் பணம் தருவது மத்திய அரசு. ஒன்டாரியோவின் நெஸ்கன்டாகா குடியிருப்பில் 'தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்' என்ற எச்சரிக்கை 1995 முதல் நீடிக்கிறது.

நெஸ்கன்டாகாவும் வேறு இரண்டு பூர்வகுடிச் சமூகங்களும் சேர்ந்து 2019-ல் வழக்குப் போட்டன. 2021-ல் வந்த உடன்பாட்டின் மதிப்பு 800 கோடி கனடிய டாலர். இழப்பீடு 150 கோடி. குறைந்தது 600 கோடி டாலரைக் குடிநீர்க் கட்டமைப்புக்குச் செலவிடுவதாக அரசு எழுதிக் கொடுத்தது.

இன்னொரு மாற்றம் பராமரிப்பில். வெகுகாலமாகக் கனடிய அரசு இயக்கம், பராமரிப்புச் செலவில் 80 சதவீதத்தை மட்டும் தந்தது. மீதியைக் குடியிருப்பே வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. வருமானமில்லாத ஊர்களில் அந்த 20 சதவீதம் வரவே இல்லை. கட்டிய சுத்திகரிப்பு நிலையங்கள் ஆள் இல்லாமலும் உதிரிப் பாகம் இல்லாமலும் படுத்துக்கொண்டன. 2020-ல்தான் 100 சதவீதத்தையும் தர அரசு ஒப்புக்கொண்டது.

அட்லாண்டிக் கரைப் பகுதியின் பூர்வகுடிச் சமூகங்கள் பல ஒன்று சேர்ந்து சொந்தமாக ஒரு நீர் ஆணையத்தை அமைத்தன. 2022-ல் மத்திய அரசு அந்தப் பொறுப்பையும், 10 ஆண்டுகளுக்கு 25 கோடி டாலருக்கு மேல் நிதியையும் அதனிடம் ஒப்படைத்தது. தனித்தனியாக மனுக் கொடுத்தவர்கள் ஒரே அமைப்பாகச் சேர்ந்து ஒப்பந்தம் போட்டதுதான் அங்கே நடந்த மாற்றம்.

மதுரையில் எதைக் கேட்க முடியும்?

கனடாவைப் போல ஒப்பந்த உரிமை இங்கே இல்லை. ஆனால் கையில் சில கருவிகள் இருக்கின்றன.

ஒன்று, குடியிருப்பு அளவிலான கணக்கு. ஜன்மன், தர்தி ஆபா இரண்டிலுமே 20 வீடுகளும் அதற்குக் குறைவாகவும் உள்ள குக்கிராமங்களுக்கு எனத் தனி ஏற்பாடு உண்டு. சின்னக் குடியிருப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. மாநிலத்துடன் போடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், பழங்குடிக் குடியிருப்புகளைக் கிராமத்தோடு கலக்காமல் தனியே எண்ண வேண்டும் என்ற ஒரு வரி சேர்ந்தால், மதுரைக்கும் திண்டுக்கல், தேனிக்கும் பெரிய வித்தியாசம்.

இரண்டு, குறைந்தபட்சத் தொகை. மக்கள்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. ஊராட்சிக்கு ஏற்ற இந்த நியாயம் குடியிருப்புக்கும் பொருந்தும். தலைக்கு 280 ரூபாய்க்குப் பதிலாக, ஒரு குடியிருப்பின் வடிகாலுக்குக் குறைந்தது இவ்வளவு என்று வைத்தால்தான் வேலை முடியும். பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக மாநில அரசு அறிவித்த 1,000 கோடி ரூபாய் 'தொல்குடி' திட்டத்தையும், பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்காக 2024-ல் கொண்டுவந்த சட்டத்தையும் இதற்குப் பயன்படுத்த இடமிருக்கிறது.

மூன்று, வன அனுமதி. "ஃபாரஸ்ட் விடமாட்டாங்க" என்பது அடிக்கடி கேட்கும் பதில். 2006-ன் வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) இதற்கு ஒரு வழி சொல்கிறது. கிராம சபை பரிந்துரைத்தால் குடிநீர்க் குழாய், நீர்த்தொட்டி உட்பட 13 வகை வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் வனவிலங்குச் சட்ட அனுமதியும் தேவைப்படும். ஆனால் தொடங்க வேண்டிய இடம் கிராம சபைத் தீர்மானம்தான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம்.

நான்கு, பராமரிப்பு. சின்னக் குடியிருப்பில் ஒரு மோட்டார் எரிந்துபோனால் மாதக்கணக்கில் சரிசெய்யப்படாமல் கிடக்க வாய்ப்பு அதிகம். கரண்ட் பில், டேங்க் ஆபரேட்டர் சம்பளம், மோட்டார் ரிப்பேர் ஆகியவற்றை அந்த 40 வீடுகளின் குடிநீர்க் கட்டணத்திலிருந்து எடுக்க முடியாது. ஜல் ஜீவன் விதிப்படி அமைக்கும் கிராமக் குடிநீர், துப்புரவுக் குழுவில் பாதிப் பேர் பெண்களாகவும் கால் பங்கு நலிந்த பிரிவினராகவும் இருக்க வேண்டும். அந்தக் கால் பங்கில் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒருவராவது உட்கார்ந்தால், ரிப்பேர் பற்றிய செய்தி அலுவலகத்துக்கு உடனே போய்ச் சேரும்.

அடுத்து கவனிக்க வேண்டியவை

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி. அதற்கு முன்னோடியாக 2026-ல் வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது என்றெல்லாம் கேட்பார்கள். நரிக்குறவர்கள் முதல்முறையாகப் பழங்குடியினராக எண்ணப்படப் போவதும் இந்தக் கணக்கெடுப்பில்தான். மலையடிவாரத்தில் ஒரு குடியிருப்பு விட்டுப்போனால், அல்லது வேலைக்காக வெளியூர் போன குடும்பங்கள் பூட்டிய வீடாகப் பதிவானால், அது அடுத்த பத்து வருட நிதியில் தெரியும்.

அதோடு 16-வது நிதிக்குழுவின் ஐந்தாண்டுக் காலம் 2026 ஏப்ரலில் தொடங்குகிறது. ஜல் ஜீவன் ஒப்பந்தம், ஊரக உள்ளாட்சித் தேர்தல், கணக்கெடுப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருகின்றன. 2028 வரை எந்த ஊருக்கு எவ்வளவு என்பது இதற்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும். சாப்டூர் அடிவாரமும் பரவையும் சக்கிமங்கலமும் அதற்குள் கணக்கில் ஏறுகின்றனவா என்பதைப் பொறுத்துத்தான் அங்கே குழாயும் வடிகாலும் வரும்.